பாலகாட் லைன் வீட்டு ஆலமரம்

சுரங்க ஊரான பாலகாட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே, தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் வாசலில் ஒரு சுரங்கத் தொழிலாளி, தட்டில் வளர்த்த ஆலமரத்தின் கிளையை வளைத்துச் செம்புக் கம்பி சுற்றுகிறார். சுரங்கத்தில் வெடி வைத்து மிஞ்சிய கம்பியாம். மரத்துக்குப் பன்னிரண்டு வயது, உயரம் ஒரு முழம்கூட இல்லை.

பள்ளிக்கூடம் பார்க்காமலே தனியாளாய் ஒரு தோப்பை உண்டாக்கியவன் நான். பொறுக்கவில்லை.

“எனக்குக் கொடுங்க. என் நிலத்துல வச்சா ரெண்டே வருஷத்துல கூரையத் தாண்டும்.”

“தாண்டும்ணே. அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர், இந்த மைன்ஸ் வீட்ட காலி பண்ணணும். தரையில வச்சிருந்தா வுட்டுட்டுத்தான் போவணும். இது கூடவே வரும்.”

“எங்க போறீங்க?”

“அதான் தெரியல. இத்த கொஞ்சம் புடிங்க.”

பஸ் வந்து போகிறது. மரத்தை விடுவிக்க நினைத்த நானே அது அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.