ஓட்டுநருடன் பேசாதீர்

வேகத்தடைக்குப் பத்தடி இருக்கும்போதே அவர் இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழும்பிவிடுவார். பிரேக்கை மிதிப்பதில்லை, உள்ளே யாரோ தூங்குகிற அறையின் கதவைச் சாத்துவதுபோல அழுத்துவார். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது மூச்சை அடக்குவார். பின்சக்கரமும் இறங்கிய பிறகுதான் அந்த மூச்சு வெளியே வரும். அறுபது பேர் இருக்கும் பேருந்தில் ஒருவர் எழும்பிக் கொடுத்தால் குலுக்கல் குறையுமா என்று கேட்டால், குறையாது என்றுதான் அவரும் சொல்வார். ஆனாலும் எழும்புவார்.

புறப்படும் இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை பதினேழு வேகத்தடைகள். இரண்டில் வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது. இன்னொன்று எந்த அலுவலகமும் போடாதது. வண்டிகள் தன் கடை முன்னால் நிதானித்தால் நாலு பேர் பழங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பழக்கடைக்காரர் தாமே சிமெண்டு குழைத்துப் போட்டது. எட்டு மாதத்துக்கு முன்புவரை ஐம்பது நிமிடத்தில் முடிந்த நடை, இப்போது ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகிறது. அவர் மனைவிக்கு இது ஒன்பதாவது மாதம்.

தினமும் வருகிறவர்கள் அந்தப் பேருந்துக்குத் 'தொட்டில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "தொட்டில் வருது, ஏறு. காலேஜ் போறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுரலாம்" என்று ஒரு மாணவி தோழியிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பணிமனையில் நேரக் காப்பாளர் அவ்வளவு அன்பாகப் பெயர் வைப்பவர் அல்ல.

"ஏம்ப்பா, பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வர்றியா, தள்ளிக்கிட்டு வர்றியா?"

"ரோடு அப்படி சார்."

"மத்தவனெல்லாம் ஆகாயத்துலயா வர்றான்? அடுத்த மாசமும் இதே கதைன்னா உன்னை ரூட்டுலேர்ந்து எடுத்துருவேன். உக்காந்து வண்டி கழுவு."

அவரைத் தேர்ந்த ஓட்டுநர் என்று சொல்ல முடியாது. பின்னால் எடுக்கும்போது பணிமனைச் சுவரை இரண்டு முறை உரசியிருக்கிறார். நிறுத்தத்தில் ஓரமாக அணைக்கத் தெரியாமல், வயதானவர்களைச் சாக்கடையைத் தாண்டிக் குதிக்க வைப்பார். வேகத்தடை ஒன்றில்தான் அவருக்கு இந்தத் தேர்ச்சி. அதுவும் திறமையால் வந்ததல்ல, பயத்தால் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவி ஒரு முறை கருவுற்றிருந்தார். நாலாவது மாதம். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தவர், ஒரு நாள் காலை கணவர் ஓட்டிவந்த பேருந்திலேயே ஏறினார். வழக்கம்போலக் கடைக்கு என்று இவர் நினைத்துக்கொண்டார். பழக்கடை மேடு அந்த வாரம்தான் முளைத்திருந்தது, இவருக்குத் தெரியாது. வண்டி தூக்கிப் போட்டது. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டதைத் திரும்பிப் பார்த்தார். கடைக்குப் போக வேண்டியவர் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கினார். சாயங்காலம் குழந்தை இல்லை.

ஏறியது ஓரிடத்துக்கு, இறங்கியது வேறிடத்தில், நடுவில் ஒரு மேடு. இதற்கு மேல் அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மனைவி அறியாமல் மருத்துவரை மட்டும் தாழ்வாரத்தில் மடக்கி, "பஸ் குலுங்கினா இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் மருத்துவர். வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று மருத்துவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்பது இவருடைய எண்ணம். தன்னைக் குற்றவாளி என்று முடிவுகட்டிக்கொண்ட மனிதனுக்கு விடுதலைத் தீர்ப்பில்தான் ஓட்டை தெரிகிறது. மறுநாள் அந்த மேட்டருகே வண்டியை நிறுத்தி, இறங்கி, பாதத்தால் அதன் அகலத்தை அளந்தார். நடத்துநர் அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் இவர் இதையெல்லாம் சொன்னதே இல்லை.

அந்த வீட்டில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு சட்டமே உண்டு. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று ஒரு தகடு எல்லாப் பேருந்துகளிலும் இருக்கிறது. பயணிகள் யாரும் அதை மதிப்பதில்லை. மதிப்பவர் உலகத்திலேயே அவர் மனைவி ஒருவர்தான். கல்யாணமான புதிதில் ஒரு முறை பேருந்தில் வந்தபோது அதைப் படித்தார். அன்றிலிருந்து கணவர் கை ஸ்டீயரிங்கில் இருக்கும் நேரத்தில் எந்தச் செய்தியும் அவர் காதுக்குப் போகாது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், தண்ணீர்த் தொட்டி வெடித்து வீடு குளமானதும், வண்டி நின்று அவர் கீழே இறங்கிய பிறகே சொல்லப்பட்டன. "அறுபது உசிரைக் கையில வெச்சிருக்கிற ஆளுகிட்ட எதுக்குங்க கெட்ட சேதி?" என்பார்.

ஒவ்வொரு நடையின் முடிவிலும் இவர் தொலைபேசியில் அழைப்பார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க வண்டியிலயா, கீழயா?"

"கீழதான்."

"அப்படின்னா சொல்றேன். கால் வீங்கியிருக்கு."

"வண்டியில இருக்கேன்னு சொல்லியிருந்தா?"

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

முன்பெல்லாம் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சட்டம், இந்த எட்டு மாதத்தில் அவரை அரித்தது. நல்ல சேதியும் மௌனம்தான், கெட்ட சேதியும் மௌனம்தான் என்றால் எதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது?

அதற்காக அந்த வீட்டில் சந்தோஷம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் தர்பூசணியைக் கத்தி வைக்காமல் கரண்டியாலேயே குடைந்து இருவரும் சாப்பிடுவார்கள். பிறகு மனைவி சுவரோரம் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வார். வயிற்றின்மேல் ஒரு காலித் தீப்பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு இவர் குனிந்து காத்திருப்பார். உள்ளேயிருந்து ஓர் உதை வரும், தீப்பெட்டி கவிழும். "ஒண்ணு" என்பார் மனைவி. திரும்ப நிறுத்துவார். பத்து முறை கவிழ்ந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஒன்பதோடு நின்ற ஒரு நாள், மனைவி வயிற்றை லேசாக எக்கிப் பத்தாவதைத் தள்ளிவிட்டார். இவர் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல இருந்துவிட்டார்.

குழந்தைக்கு முன்கூட்டியே எதையும் வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவி வாங்கவில்லை. கடையில் மிஞ்சிய திரைச்சீலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஆறு விரிப்புகள் தைத்து, "இது வாங்கினதில்ல, தைச்சது" என்றார். கண்டிப்பு பேசியவரோ ஒரு ஜோடிக் காலுறை வாங்கியிருந்தார். கட்டைவிரலுக்குப் போடும் அளவு. அதை மதியச் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்ததை, உப்புத் தேடிய நடத்துநர் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன தம்பி, கியர் கம்பிக்குக் குளிருதா?"

"வைங்கக்கா."

"மூணு பெத்தவ நான். ஒவ்வொண்ணுக்கும் கடைசி நாள் வரைக்கும் இதே படியில தொங்கிக்கிட்டுதான் டிக்கெட் கிழிச்சேன். உன் பொண்டாட்டி தைரியமாத்தான் இருக்கா. உனக்குத்தான் மசக்கை."

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணி நடை. வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தை நெருங்கும்போது, தூரத்திலேயே மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டார். கையில் துணிப்பை. பரிசோதனை வெள்ளிக்கிழமைதான். கடைக்கு விடுப்பு எடுத்து மூன்று வாரம் ஆகிறது. அந்த நேரத்தில், அந்த நிறுத்தத்தில், அவர் நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

நடத்துநர் அக்கா கைகொடுத்து ஏற்றி, முன் இருக்கையில் இருந்த இளைஞனை எழுப்பி உட்கார வைத்தார். இவர் திரும்பி, புருவத்தை உயர்த்தி, 'எங்கே?' என்று கேட்டார். மனைவி புன்னகைத்தார். பிறகு விரலை நீட்டித் தகட்டைக் காட்டினார்.

வண்டியை எடுத்தார். மருத்துவமனை நிறுத்தம் வரை ஏழு வேகத்தடைகள். மெதுவாகப் போனால் குழந்தைக்கு நல்லது. வேகமாகப் போனால் குழந்தைக்கு நல்லது. இரண்டில் எது என்று தெரிந்த ஒரே ஆள் நாலடி தூரத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் தடையில் மெதுவாக ஏறினார். இரண்டாவதில் இன்னும் மெதுவாக. பின்னால் ஒரு லாரி ஒலிப்பானை அலறவிட்டது. நடத்துநர் அக்கா மனைவியிடம் குனிந்து ஏதோ கேட்பதும், மனைவி தாழ்ந்த குரலில் சொல்வதும், மறுபடி அக்கா வெகுநேரம் பேசுவதும் எஞ்சின் சத்தத்தில் கரைந்து வந்தன. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஸ்டீயரிங் கைவியர்வையில் வழுக்கியது.

அக்கா முன்னால் வந்தார். "தம்பி, கொஞ்சம் அமுக்கிப் போப்பா."

எட்டு வருடம் ஒரே வண்டியில் வேலை பார்த்தும் அந்த அம்மாள் இப்படிச் சொன்னதில்லை. ஆக்சிலரேட்டரை அமுக்கினார். மூன்றாவது தடையும் நாலாவது தடையும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. பின்னிருக்கையில் யாரோ தலையை இடித்துக்கொண்டு திட்டினார்கள். ஐந்தாவது, பழக்கடை மேடு. அங்கே அவருடைய கால் பிரேக்கிலிருந்து எழ மறுத்தது. வண்டி மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேவிட்டது. பழக்கடைக்காரர் எழுந்து பார்த்தார். லாரி அலறியது. அக்கா விசிலடித்தார், இன்னொரு முறை அடித்தார்.

"போங்க" என்றார் மனைவி.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி அவரிடம் பேசிய முதல் சொல் அது. போனார்.

மருத்துவமனை நிறுத்தத்தில் மனைவி இறங்கினார். இவரும் இருக்கைப் பட்டையைக் கழற்றினார். அக்கா குறுக்கே வந்து நின்றார். "நீ எங்க? நீயா ஸ்கேன் பாக்கப்போற? நடு ரோட்டுல வண்டியைப் போட்டுட்டுப் போவியா? ஓட்டு." தொட்டிலில் தூங்கப் பார்த்த அந்த மாணவியைக் கூப்பிட்டு, "கண்ணு, கூடப் போ. காலேஜ் ஓடிப்போயிடாது" என்று அனுப்பினார். பைகள் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் போவது தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார். "காலைலேர்ந்து அசைவே இல்லையாம். பயப்படாத. தூங்கும் அதுங்க. என் மூணாவது பொறக்கிற வரைக்கும் தூங்கிச்சு, இன்னமும் தூங்குது." இவர் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. நாலு முறை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நேரக் காப்பாளர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, "பரவாயில்லயே, எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் டைமுக்கு வந்திருக்க. இப்படியே வா" என்றார்.

திரும்பும் நடையில் வேகத்தடைகளில் அவர் எழும்பவில்லை. மூச்சை அடக்கவும் இல்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டு மட்டும் வந்தார். மருத்துவமனைக்கு எதிர் நிறுத்தம் வளைவைத் தாண்டித்தான் தெரியும். வளைவு வந்தது. வெயிலில், எந்தப் பயணியையும்போலக் கையை நீட்டிக்கொண்டு மனைவி நின்றிருந்தார். தனியாக, சொந்தக் காலில்.

இந்த ஒரு முறை பேருந்து ஓரத்தை ஒட்டி நின்றது.

மனைவி ஏறி, உட்காராமல் அவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?"

"போட்டாச்சு. சொல்லும்மா."

"துடிப்பு நல்லா இருக்கு. தூங்கியிருக்கு. கருவியை வெச்சதும் கோவிச்சுக்கிட்டு ஒரே உதை." அதோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு சொல்லணும். மேட்டுல ஏன்க்கா இவர் இப்படி ஊர்ந்து போறாருன்னு வரும்போது அக்காகிட்ட கேட்டேன். அந்தக் குழந்தை போனப்போ நீங்க இறங்கி மேட்டை அளந்தீங்களாமே" என்றார்.

இவர் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எனக்கு வீட்டுலயே வலி ஆரம்பிச்சிருச்சுங்க. கடைக்கு ஏறல. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் உங்க பஸ்ல ஏறினேன். நீங்க ஓட்டிக்கிட்டு இருந்தீங்க, அதனால சொல்லல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க கேக்கல."

நடுவிலிருந்து ஒருவர், "என்னப்பா, குடும்பக் கதை முடிஞ்சுதா, நாங்க வீட்டுக்குப் போகலாமா?" என்றார்.

"முடியல. உக்காருங்க" என்றார் அக்கா.

மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து துணிப்பையை மடியிலிருந்து கீழே வைத்தார். அக்கா விசிலடித்தார். வண்டி நகரவில்லை. மறுபடி அடித்தார். இவர் கியரில் வைத்த கையை எடுத்தார். பயணிகளைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை எட்டிப் பிடித்து, மெல்லக் கீழ்நோக்கிச் சாய்த்தார். படிக்கட்டு மறைந்தது, நிற்கிறவர்கள் மறைந்தார்கள், மனைவியின் முகமும் மறைந்தது. வயிறு மட்டும் கண்ணாடி முழுக்க நிறைந்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார்.