ஜெபராணிக்குக் கட்டிய வண்டி

தேனியில் கம்பம் ரோட்டில் கிங்ஸ்லியின் பட்டறைக்கு லாரி பாடி கட்ட வந்த யாரும் கிங்ஸ்லியிடம் விலை பேசியதில்லை. பேச வேண்டியது அவர் மனைவி ஜெபராணியிடம். "ஏலே, இந்த வெலைக்கு ஒன் மாமனார் வீட்டுல மரம் தருவாகளா?" என்று அவர் கேட்பது, வெல்டிங் சத்தத்தையும் தாண்டி எதிரே என் உரக்கடை வரைக்கும் கேட்கும். வேட்டைநாய்க்குப் பேர்போன கோம்பையில் பிறந்த பொம்பளை, கேட்கவா வேண்டும். வியாபாரம் மந்தமான நாளில் எனக்குப் பொழுதுபோக்கே அந்தக் குரல்தான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஜெபராணிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. புத்தி மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் அவருக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

அன்று மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கிங்ஸ்லி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழிவிடச் சொல்லி ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டே போனார். பின்னால் ஜெபராணி ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, முழு நினைவோடு கிடந்தார். கத்தப் பார்த்திருக்கிறார், சத்தம் வரவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் உடம்பு ஆட ஆட, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபடி வெள்ளைக் கூரையையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருளம்மாள் சொல்லித்தான். ஜெபராணியைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ள வருசநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்தவர். ஜெபராணி கண்ணை இறுக்கி மூடினால் வேண்டாம், சிமிட்டினால் சரி. இருவருக்கும் அதுவே போதும். இருளம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்பார், அவர் சிமிட்டுவார். ஒரு ஆம்புலன்ஸ் பயணத்தையே அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். கிங்ஸ்லிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

மனைவி மேல் பிரியம் இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கொள்ளைப் பிரியம். படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்கு ஊர் உலகத்தைக் காட்ட வேண்டும் என்று, போனில் வெள்ளைக்காரர்களின் வண்டி வீடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்து வந்தார். எஞ்சின் செத்திருந்தது, பின்பக்கம் கல்லு மாதிரி இருந்தது. முன்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைச் செயின் பிளாக்கில் தூக்கி, சரக்குத் தொட்டி கழற்றிய தன் 407 லாரியின் சேஸிஸ் சட்டத்தின் மேல் ரப்பர் வைத்து உட்கார்த்தினார்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். வெளியே ஏலக்காய்ப் பச்சை பெயிண்ட். உள்ளே சுவருக்குத் தேக்கு நிறத்தில் மைக்கா. கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, பூப்போட்ட திரை, நல்ல மெத்தை. தெருவே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. கூரையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

"அது நல்லாத்தான இருக்கு, எதுக்குப் பிரிச்சுக்கிட்டு" என்றார். அதே வெள்ளை, அதே வட்ட விளக்குகள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியில் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் திராட்சைக் குலையைத் தொங்கவிட்டார்.

நின்று பார்க்கிறவனுக்குத்தான் மைக்காவும் திரையும். படுத்தே கிடக்கிறவருக்குக் கூரையை விட்டால் வேறு என்ன தெரியும்? இது கிங்ஸ்லி மண்டையில் ஏறவே இல்லை.

சபையிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள். முதல் பயணம் சுருளி அருவிக்கு. வண்டி கிளம்பியதிலிருந்து ஜெபராணி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது.

"பாத்தியா, சந்தோசத்துல அழுகுறா" என்றார் கிங்ஸ்லி.

இருளம்மாள் ஜெபராணி பக்கத்தில் படுத்து மேலே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, அக்கா பயப்படுறாக. இது அந்த ஆம்புலன்ஸ் மாதிரியே இருக்கு. இங்கன படுக்கப் போட வேணாம் அண்ணாச்சி."

"நான் ராப்பகலா ஒழைச்சுக் கட்டுன வண்டி. நீ வந்து பாடம் நடத்துறியா?"

இருளம்மாள் விடவில்லை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தடுத்தார். மாதம் முடிவதற்குள் கணக்கு முடித்து வருசநாட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். புதிதாக வந்த பெண்ணுக்குக் கண் பாஷை தெரியாது. ஜெபராணி இமையை இறுக்கியபோதெல்லாம் தூக்கம் வருகிறது என்று விளக்கை அணைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை குமுளிக்குக் கிளம்பினார்கள். வண்டியில் ஏற்ற நான்கு பேர் தூக்கினார்கள். தலை கதவைத் தாண்டும்போது ஜெபராணி இடது கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"வேணாம்" என்றார்.

இரண்டு வருடமாகப் பேசாத வாய். பட்டறையில் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கிங்ஸ்லி ரோட்டிலேயே மண்டியிட்டு அழுதார்.

"பேசிட்டா! எம் பொண்டாட்டி பேசிட்டா!"

கை தட்டினார்கள். யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். "யோவ், அவுக வேணாங்கிறாகய்யா!" என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, அன்பாகத்தான் பிரித்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் கிங்ஸ்லி சாட்சி சொன்னார். டாக்டர்கள் கைவிட்ட நாவைக் கர்த்தர் இந்த வண்டி மூலமாகத் திறந்தார் என்றார். எல்லார் முன்னாலும் சாட்சி சொன்ன பிறகு, வண்டி பிடிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? சனிக்கிழமைதோறும் பயணம். மறு வாரமும் ஜெபராணி அதே சொல்லைச் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். பேசப் பேச வண்டிப் பயணம் இன்னும் கூடும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

பேச்சு நின்றுபோனதற்குக் கிங்ஸ்லி காரணம் கண்டுபிடித்தார். பக்கத்துப் பயணங்கள் போதவில்லையாம். கன்னியாகுமரி வரைக்கும் போய்ப் பத்து நாள் வண்டியிலேயே தங்குவது என்று முடிவானது.

கிளம்பும் நாளில் இருளம்மாள் தகவல் கேட்டு ஓடிவந்தார். வாசலில் கிங்ஸ்லியை மறித்து நின்றார்.

"அண்ணாச்சி, அக்கா வேணாம்னுதான சொன்னாக?"

கிங்ஸ்லிக்குக் கோபமே வரவில்லை. புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரித்தார்.

"என்ன சொன்னா என்னம்மா, பேசுனாள்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.