பாண்டிச்செல்வி இருந்த காலமா, விலகிய காலமா?

பட்டாசுச் சீசன் முடிந்து லோடு வேன்கள் ஓய்ந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பாண்டிச்செல்வியைப் பற்றிப் பட்டிமன்றம் நடந்தது. அதற்குப் பாண்டிச்செல்வியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடாததில் தப்பும் இல்லை. ‘கந்தகம்’ ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் வருசத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். பாட்டுப் போடுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். இந்த வருசம் யாருக்கோ பட்டிமன்ற யோசனை வந்துவிட்டது. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் நடக்கிற சண்டையையே தலைப்பாக்கிவிட்டார்கள்: ‘கந்தகத்தின் பெருமைக்குக் காரணம் பெரிதும் பாண்டிச்செல்வி இருந்த காலமா, விலகிய காலமா?’ இசைக்குழுவை விட்டு எப்போதோ விலகிப் போன பெண்ணின் போன் நம்பர் அவர்களில் ஒருவரிடமும் இல்லை.

நோட்டீஸை முதலில் பார்த்தவன் அவள் கணவன் முனியராஜ். பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“ஏ செல்வி, உன்னைய வச்சுப் பட்டிமன்றம் போடுறாக. போயே ஆகணும்.”

“நான் என்ன செத்தா போயிட்டேன், என்னைய வச்சுப் பேசுறதுக்கு? காலண்டர் ஆர்டர் அம்புட்டும் குமிஞ்சு கெடக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாச்சும் வீட்ல கெடக்க விடுங்க.”

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் அவளுக்கு வேலை. தினசரிக் காலண்டர் தாள்களில் சாயம் விலகியிருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. பட்டாசுக்காரர்களுக்குச் சீசன் முடிகிற நேரத்தில்தான் அச்சகங்களுக்கு உச்சம். ஆனாலும் முனியராஜ் விடவில்லை. கடைசியில், யார் கண்ணிலும் படாமல் பின்வரிசையில் உட்காருவது என்று பேசி முடித்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்கள்.

பாண்டிச்செல்வி நாரணாபுரத்துப் பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலை. அண்ணன் கருப்பணன் மட்டும் சிவகாசியில் பைக் மெக்கானிக் கடை போட்டான். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் கந்தகத்தின் பாடகன் ஊர்க்காவலனும் அவன் கூட்டாளிகளும் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த பையன் சவூதிக்கு வேலைக்குப் போய்விட, அந்தக் கிட்டார் சுவரில் சாத்தியபடி கிடந்தது. அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்த பாண்டிச்செல்வி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தடித்த கம்பிகளை அழுத்தினால் பழகாத விரல் கன்றிப் போகும். குழாய் சுற்றிக் காய்த்திருந்த அவள் விரலுக்கு அது ஒன்றுமே இல்லை.

அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருசம். அடுத்த பொங்கலுக்குள் ஊர்க்காவலன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். “ஏலே, இந்தப் புள்ள வாசிச்சாத்தான் நான் பாட்டுல எங்கன நிக்கேன்னே எனக்குத் தெரியுது.”

ஆரம்பத்தில் மேடைகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாத்தூர்ப் பக்கம் ஒரு பொங்கல் விழாவில், சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கூட்டம் கத்தியது. செருப்பு ஒன்று மேடையில் வந்து விழுந்தது. ஊர்க்காவலன் மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனான். பாண்டிச்செல்வி யாரையும் கேட்காமல் ‘ஆறு மணிச் சங்கு’ பாட்டின் தொடக்கத்தை வாசித்தாள். ஆலைக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றிய பாட்டு அது. தொடக்கத்தில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக, கனமாக, நடந்துபோகிற மாதிரி வரும். இரண்டாவது சுற்றில் கூட்டம் அடங்கியது. மூன்றாவது சுற்றில் கை தட்ட ஆரம்பித்தது. ஊர்க்காவலன் திரும்பி வந்து மைக்கை எடுத்தான். அந்த இரவுக்குப் பிறகு கந்தகத்துக்கு ஏறுமுகம்தான்.

பத்து வருசத்துக்கும் மேல் வாசித்தாள். டிரம்ஸுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று நின்று இடது காதில் ஓயாத இரைச்சல் பிடித்துக்கொண்டது. இனி மேடை ஏறினால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவள் விலகியதும் ரசிகர்கள் காரணத்தைத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்: வீட்டுக்காரன் தடுத்துவிட்டான். யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் முனியராஜுக்குத் திட்டு. ஒரு தடவை பொறுக்க முடியாமல் அவளே, தன் பெயரைப் போட்டு, உண்மைக் காரணத்தை எழுதினாள். ‘பக்கத்துல உக்காந்து எழுத வைக்கிறான் பாருங்க’ என்று கீழே பதில் வந்தது. அதைப் படித்து முனியராஜ்தான் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர் அப்துல் குத்தூஸ், விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சாத்தூரில் செருப்பு விழுந்த அன்று முன்வரிசையில் இருந்தவர் என்பதால் அவருக்கு அந்த நாற்காலி.

பாண்டிச்செல்வி அணிக்குப் பிரீத்திகா என்ற நர்ஸ் பேசினாள். அதிகம் பேசவில்லை. “பேஸ் கிட்டார் இருக்குறதே காதுல விழாதுன்னு கிண்டல் பண்றாக. சரி, இல்லாமக் கேட்டுப் பாருங்க” என்று, பேஸ் கிட்டாரை மட்டும் உருவிவிட்ட ‘ஆறு மணிச் சங்கை’ ஒலிக்கவிட்டாள். பாட்டு ஓடியது. தரையில் கால் படாத மாதிரி ஓடியது. ஆட்கள் நெளிந்தார்கள். நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் போட்டாள். அந்தத் தொடக்கம் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி வந்தபோது மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது. முனியராஜ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

பாண்டிச்செல்வி உட்கார்ந்தே இருந்தாள். வாசித்த காலமெல்லாம் அவள் மேடையில் இருந்தாள். கீழே நிற்கிறவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

எதிரணிக்கு நவநீதகிருஷ்ணன். கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவர் அசரவில்லை. “பாண்டிச்செல்வி பெரிய ஆளுதான், யாரு இல்லைன்னா? ஆனா அவுக போனதுக்கப்புறம்தான் குழு கோயம்புத்தூர் போச்சு, சிங்கப்பூர் போச்சு. இதையும் கேட்டுட்டுப் பேசுங்க” என்று, புதிதாகச் சேர்ந்த இக்பால் அதே பாட்டை வாசித்த கோயம்புத்தூர் கச்சேரியைப் போட்டார். முதல் பாதி அப்படியே அவளுடையது. இரண்டாம் பாதியில் அந்தப் பையன் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு வளைவு வளைத்து, பாட்டை மேலே தூக்கிக்கொண்டு போனான். தனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று நினைத்தபோதே அவள் கை தட்டிவிட்டது. இக்பாலுக்கு மண்டபத்தில் விழுந்த முதல் கைதட்டல் அதுதான்.

“நீ எந்தக் கட்சி?” என்று முனியராஜ் பல்லைக் கடித்தான்.

அதோடு போயிருக்கும். ஆனால் பிரீத்திகாவின் அணியில் அடுத்துப் பேச வந்த பையன், “அந்த அக்காவை வீட்ல பூட்டி வைக்காம இருந்திருந்தா, இந்தப் பட்டிமன்றத்துக்கே வேலை இருந்திருக்காது” என்றான். கூட்டம் ஆர்ப்பரித்தது. முனியராஜ் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

பாண்டிச்செல்வி எழுந்து நேரே மேடைக்கு நடந்தாள். நடுவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

“யா அல்லா… தங்கச்சி, நீங்களா? எப்ப வந்தீக?”

“ஆரம்பத்துலயே வந்துட்டேன் பாய். ரெண்டு வார்த்தை பேசிக்கிடவா?”

கூச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்வரிசையில் முனியராஜ் மறுபடி நாற்காலி மேல் ஏறி நிற்க, அவள் மைக்கை வாங்கினாள்.

“என்னைய யாரும் பூட்டி வைக்கல. காது போச்சு, இறங்கிட்டேன். அந்தா நாற்காலி மேல ஏறி நிக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. நான் அழுதப்ப எங்கூடவே உக்காந்திருந்த ஆளு. இத்தனை வருசமா நீங்க ஏசுனதைச் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. இனிமே ஏசாதீக.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. முனியராஜ் அவசரமாகக் கீழே இறங்கினான்.

“அப்ப தீர்ப்பையும் நீங்களே சொல்லிருங்க தங்கச்சி” என்றார் குத்தூஸ்.

அவள் யோசிக்கவே இல்லை. “சார் சொன்னதுதான் சரி. நான் விலகுனப்புறம்தான் கந்தகம் பெருசாச்சு. நான் போனதும் சரிஞ்சு விழுந்திருந்தா, நாங்க போட்ட அஸ்திவாரம் என்ன அஸ்திவாரம்? அந்தத் தம்பி என் வாசிப்பு மேல ஏறி நின்னுதானே அம்புட்டு உசரம் தாவுது. எனக்கு இது போதும்.”

நவநீதகிருஷ்ணன் எழுந்து கும்பிட்டார். பிரீத்திகா ஓடிவந்து கட்டிக்கொண்டு, “என்னக்கா, உங்களுக்காகத் தொண்டை கிழியப் பேசுனேன், இப்படித் தோக்கடிச்சுட்டீகளே” என்று அழுதாள், சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரே போட்டோதான். முனியராஜோடு தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளவும் ஆள் நின்றது. பூட்டைப் பற்றிப் பேசிய பையன் அவனுக்கு இரண்டாவது தடவை பிரியாணி கொண்டுவந்து வைத்தான்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் பைக்கில் திரும்பினார்கள். ஆமத்தூர் தாண்டியதும் முனியராஜ் வெடித்தான். “ஊரே உனக்காகப் பேசுது, நீயே கவுத்துட்டு வாரே. எனக்கு மைக்கக் குடுத்திருந்தா கிழிச்சிருப்பேன்.”

“என்னத்தக் கிழிச்சிருப்பீக?”

அவ்வளவுதான். பைக்கை ஓட்டிக்கொண்டே நடுவரை விளித்து, எதிரணியை வெளுத்து, சாத்தூர்ச் செருப்பிலிருந்து தொடங்கிச் சிவகாசி வரும்வரை பேசித் தீர்த்தான். பாண்டிச்செல்வி பின்னால் உட்கார்ந்து ரசித்துக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விருதுநகருக்கு ஒரு லோடு இருந்தது. இறக்கிவிட்டு நேரே குத்தூஸ் கடைக்குப் போன முனியராஜ், அடுத்த வருசப் பட்டிமன்றத்தில் பாண்டிச்செல்வி அணிக்குத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான்.

“அடுத்த வருசம் தலைப்பு மாறுமேப்பா” என்றார் அவர்.

“தலைப்பு என்னவும் இருக்கட்டும் பாய். நான் எங்க வீட்டுக்காரியைப் பத்தித்தான் பேசுவேன்.”