அப்பா போட்ட முடிச்சு

தொட்டில் கயிற்றை மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

"ஏத்தா, அது என்ன கெணத்து வாளியா? எத்தன தடவதான் இழுப்ப?" என்று மாமியார் சிரித்தார்.

என் அப்பா வெள்ளைக்காரர் கடற்படையில் இருந்துவிட்டு வந்து பாப்டிஸ்ட் போதகரானவர்; ஊராருக்கு 'ஐயர்'. முல்லையாற்றில் ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில், ஜெபித்து முடித்ததும், இறங்குகிறவர் இடுப்பில் கப்பல் முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கரை மருதமரத்தில் கட்டி, இழுத்துப் பார்ப்பார்.

ஒருமுறை, ஞானஸ்நானம் எடுக்க வந்த தேவாரம் ஊர் மூக்கம்மாள் அதட்டினாள்: "மாட்டக் கட்டுற மாதிரி கட்டுறீகளே ஐயரே, கர்த்தர் மேல நம்பிக்கை இல்லையாக்கும்?"

"கர்த்தர நம்புறேன் ஆத்தா. இந்தத் தண்ணியத்தான் நம்பல."

முழுகி எழும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. கயிறு விறைத்துத் தாங்கியது. இருமிக்கொண்டே கரையேறியவள் கேட்டாள்: "ரெண்டு முடிச்சாப் போட்டா என்ன ஐயரே?"

தொட்டிலில் குழந்தையைக் கிடத்தி ஜெபித்தேன். ஆமென் சொன்னபிறகு, கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.