மல்லிகா அக்காவின் பூந்தமல்லி லைன்

மல்லிகா அக்கா போய்விட்டார். நேற்று காலை பழைய நண்பன் செல்வம் போன் செய்து சொன்னான்... மாரடைப்பாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து சீட். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

அந்த நாட்களில் எங்கள் சின்னக் கூட்டத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ரயில்வே போர்டு கேம்.

யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ஆட்டத்தைப் பார்த்து, நம் ஊர் மேப்பை வைத்து நாங்களே அட்டையில் செய்தது. தண்டவாளம் போட வேண்டும், ரயில் வாங்கி ஓட்ட வேண்டும், கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்க வேண்டும்... யார் கையில் பங்கு அதிகமோ அவர்தான் அந்தக் கம்பெனிக்கு முதலாளி.

கணக்குப் போட்டே பாதி நாள் போய்விடும். அதனால் அதற்கொரு சாஃப்ட்வேர் எழுதக் கிளம்பினோம், சம்பளம் எதுவும் கிடையாது... ஆவடியில் செல்வத்தின் கம்ப்யூட்டர் சென்டர் ஞாயிறு மதியம் சும்மா கிடக்கும், அதுதான் எங்கள் ஆபீஸ்.

எந்த வழியாக ஓட்டினால் ரயிலுக்கு வருமானம் அதிகம் என்று கண்டுபிடிக்கும் பகுதியை எழுதியது மல்லிகா அக்காதான். அதில் கை வைக்க எங்களில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

ஆனால் அக்கா ஐந்து மணி ட்ரெயினைப் பிடித்தாக வேண்டும். நெமிலிச்சேரியில் பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்திருப்பார். எங்கள் ஆட்டமோ இருட்டுவதற்கு முன்னால் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவர் எழுந்து போனதும் அவருடைய கம்பெனி, அடுத்தபடியாகப் பங்கு வைத்திருப்பவர் கைக்கு வரும். பெரும்பாலும் நான்தான்.

நான் என்ன செய்வேன்... அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய ரயிலை அடிமாட்டு விலைக்கு என் கம்பெனிக்கு மாற்றிக்கொள்வேன். ஆட்ட விதியில் அதற்கு இடம் இருந்தது.

அக்காவின் சொந்த ஊர் நசரத்பேட்டை. எந்த ஆட்டமானாலும் அவருடைய லைன் ஆவடியில் கிளம்பி, பூந்தமல்லி வழியாக அங்கேதான் போகும். செம்பரம்பாக்கம் ஏரி ஓரம் போட்டால் இரண்டு மடங்கு செலவு என்று விதி வைத்திருந்தோம், அதையும் கொடுத்துவிட்டுப் போடுவார்.

திங்கட்கிழமை ஆபீஸில் பையை வைக்கும்போதே கேட்பார். "நம்ம ரயிலு இன்னா ஆச்சுபா?"

கம்பெனியையே மூடியாச்சு அக்கா என்பேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

அந்த சாஃப்ட்வேரில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி ஃப்ளாப்பியில் சேமித்து, அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வசதி... அவர் ஒருவரே எழுதிவிட முடியாது, எல்லோரும் அவரவர் பகுதியை மாற்ற வேண்டும்.

அடுத்து எதைச் செய்வது என்பதை ஆட்டம் முடிந்த பிறகுதான் பேசுவோம். டீ வாங்கி வந்து, கை தூக்கி ஓட்டு.

அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்... கடைசிவரை உட்கார முடிந்தவர்கள்தான். எங்களுக்கு எதற்கு அந்த வசதி?

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவிலேயே அக்கா பேச்சை எடுத்தார். இந்தத் தடவையாவது அதைச் செய்துவிடலாமே என்றார்.

"ஆட்டம் முடியட்டும்க்கா, அப்புறம் பேசிக்கலாம்." நான்தான் சொன்னேன்.

"அப்ப நான் எங்கபா இருக்கப் போறேன்?"

யாரும் நிமிரவில்லை. ரயில் வாங்க என்னுடைய முறை வந்திருந்தது.

அன்றைக்கு ஓட்டில் ஜெயித்தது ரயில் விசில் சத்தம். நானும் கை தூக்கினேன்... கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்தச் சின்ன ஸ்பீக்கரில் விசில் வரவைக்க வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஐந்து மணிவரை அக்காவும் உட்கார்ந்து உதவினார். இதை எழுதவே கூசுகிறது.

அப்புறம் அவர் வருவது குறைந்து, நின்றே போனது. சண்டை எதுவும் இல்லை... வீட்டில் வேலை அதிகம் என்றார். நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஆட்டத்தைச் சேமிக்கும் அந்த வசதியை நாங்கள் கடைசிவரை செய்யவே இல்லை.

நேற்று நெமிலிச்சேரி போயிருந்தேன். செல்வம் வாசலிலேயே நின்றிருந்தான். "விசிலைப் போட்டோம் பாரு மச்சான்..." என்றான்.

உள்ளே அக்காவின் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஆட்டம் பற்றி அம்மா நிறையச் சொல்வாராம், எங்கள் பெயரெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை போலிருக்கிறது... அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா நல்லா ஆடுவாங்களா அங்கிள்? ஜெயிப்பாங்களா?"

எனக்குத் தெரியாது. அவர் ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட முடித்து நான் பார்த்ததில்லை.

"ஜெயிப்பாங்கம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

போய் வாருங்கள் அக்கா... இந்தத் தடவை உங்கள் ரயிலை நான் தொட மாட்டேன்.