பாங்குக்குப் பிந்திய கதை

நாங்கள் கண்டக்குழியில் சிறுபிள்ளைகளாக இருந்தபோது டீவியில் ஒரு கார்ட்டூன் தொடர் போனது. மேகத்துக்கு மேலே ஒரு நாடு. அங்கே காற்றுக்கென்று ஒரு ராஜா. அவன் ஒரு சிறுமியின் தாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சிறுமி ஒரு பறக்கும் ஆட்டின் முதுகில் ஏறித் தாயைத் தேடிப் புறப்படுவாள். என் வயதுக்காரர் யாருக்கும் இது நினைவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன். ஆடு எங்கேயாவது பறக்குமா என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளைப் பருவத்தில் பாதி அந்த ஆட்டின் மேல்தான் போனது.

அந்தத் தொடரையும் நாங்கள் பாதிதான் பார்த்தோம். அது மாலையில் தொடங்கும். பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வாப்பா எழுந்து டீவியை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். ஆடு எந்தப் பாறையில் மோதப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. பாங்கு நேரம் சூரியனோடு நகரும், டீவிக்காரர்களோடு நகராது. ஜூலையில் சூரியன் பிந்தி இறங்கியதால் கதை அநேகமாக முழுதாகக் கிடைத்தது. பிறகு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. செப்டம்பர் முடிவில் கடைசிப் பகுதி போன அன்று, பாட்டு முடிந்து ஆடு ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான், பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அப்போது உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். அந்தச் சிறுமிக்குத் தாய் கிடைக்காவிட்டால் என் உம்மாவும் திரும்பி வரமாட்டார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம்.

பாங்குக்குப் பிந்திய கதையைத் தருவது ராத்தாவின் வேலை. அவள் எனக்கு ஐந்து வயது மூத்த அக்கா. அவள் வகுப்பில் ஒரு கத்தோலிக்கக் கூட்டாளி இருந்தாள். அவர்கள் வீட்டில் டீவியை அணைப்பதில்லை, அவளிடம் கேட்டு வருகிறேன் என்பாள் ராத்தா. மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து மீனைப் பொரித்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்வாள். தொடர் சிங்களத்தில். எனக்குப் பாதி விளங்காது. ஆகவே அவள் சொன்னதுதான் கதை.

கடைசிப் பகுதிக்கு மறுநாள் நான் வாசலிலேயே நின்றேன். பையைக்கூட இறக்காமல் ராத்தா சொன்னாள்: "தாய் கெடச்சிட்டா. ஆடு ஊட்டு வாசல்லயே கொண்டு வந்து எறக்கி உட்டுச்சி. கையில கயிறு கட்டின பச்ச பேக். பேக் நெறய பேரீச்சம்பழம்."

மேகத்துக்கு மேலே பேரீச்சம்பழம் எப்படிக் காய்த்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றுதான் வயிறு முட்டச் சோறு தின்றேன். உம்மாவும் பிறகு வந்து சேர்ந்தார்.

போன பெருநாளுக்கு ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தத் தொடர் யூடியூபில் அகப்பட்டது. யாரோ பழைய டேப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். படம் நடுங்கியது, ஆட்டின் கொம்பு பச்சையாகத் தெரிந்தது. எங்களுக்கு அது போதும். பகல் சாப்பாடு முடிந்ததும் நானும் ராத்தாவும் பாயில் படுத்துக்கொண்டு, பாட்டு வந்த ஒவ்வொரு தடவையும் பாட்டோடு சேர்ந்து கத்தினோம். பக்கத்தில் உம்மா பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பத்தோடு உட்கார்ந்து, எங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் படம் பார்த்து எவ்வளவோ காலம்.

இப்போது எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பார்க்கப் பார்க்க, பாங்குக்குப் பிந்திய பகுதிகள் எதுவும் ராத்தா சொன்னது போல இல்லை என்று தெரிந்தது. கடைசிப் பகுதியில் சிறுமி மேகத்தின் விளிம்புக்கு வருகிறாள். தூரத்தில் ஒரு நிழல். ஆடு தலையைக் குனிகிறது. திரை கறுத்துவிட்டது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள், தொடர் அதோடு நின்றுபோனதாம். மிச்சத்தை எடுக்கவே இல்லையாம்.

நான் ராத்தாவின் பக்கம் திரும்பினேன். அவள் வட்டிலப்பத்தை மிகுந்த அக்கறையோடு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, அப்ப உன்ட கூட்டாளி என்னத்தப் பாத்தா?"

"அவங்கட ஊட்டுல டீவியே இல்ல," என்றாள் நிமிராமல். "நீ சோறு தின்னாம இருந்தா நான் என்ன செய்ற?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்ததில் வட்டிலப்பம் பாயில் விழுந்து, உம்மாவிடம் இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

ஏசி முடித்ததும் உம்மா கேட்டார்: "அந்தத் தாய் கடைசியில வந்தாவா இல்லயா?"

"ஓம் உம்மா, வந்துட்டா," என்றேன். "கயிறு கட்டின பச்ச பேக்கோட."

உம்மா பாயைத் துடைப்பதை நிறுத்திவிட்டு ராத்தாவைப் பார்த்தார்.

"அது என்ட பேக் இல்லயா? நான் குவைத்துக்குப் போகக்குள்ள ஜிப் ஒடஞ்சி, இவதானே அழுதழுது கயிறு கட்டித் தந்தா."