பாலிஷ் போடாத கட்டை

மரத்தூளுக்கு நல்ல வாசனை உண்டு. அதில் பாக்கு எச்சிலைத் துப்பினால் என்ன நாற்றம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவில்லை. காரிமங்கலத்தில் ஒரு ஷெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன், தெரிந்துவிட்டது.

எனக்கு வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில். நாளெல்லாம் ஊசி, பஞ்சு, அடுத்தவர் சிறுநீர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையில் வேறு ஏதாவது வாசனை ஏறினால் தேவலை என்று இருக்கும். பாப்பாரப்பட்டி பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடு. வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகையில் ஒரு பழைய மேசையைப் போட்டு மரவேலை செய்ய ஆரம்பித்தேன். கைவாள், உளி, இழைப்புளி, ஒரு டிரில் மிஷின், அவ்வளவுதான். இழைப்புளி ஒழுங்காகப் பிடித்து ஓடும்போது மரத்திலிருந்து சீவல் சுருண்டு சுருண்டு வருமே, அதைப் பார்த்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். கருகின வாசனையை முகர்ந்துவிட்டு, "இன்னைக்கு என்ன செய்யற, ஸ்டூலா?" என்பார்.

எனக்கு இருந்த ஒரே குறை, இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பது. வாட்ஸாப்பில் ஒரு குழு இருப்பதாகத் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். புத்தி!

ஷெட் ஒரு ஓய்வுபெற்ற கான்ட்ராக்டருடையது. மாந்தோப்புக்கு நடுவில் பெரிய தகர ஷெட். உள்ளே இல்லாத மிஷின் கிடையாது. சுவரில் உளிகள் வரிசையாக மாட்டியிருக்கும், சாமி படம் மாதிரி. ஒன்றிலும் மரம் பட்ட அடையாளம் இருக்காது. "தொடாதீங்க மேடம், ஜப்பான்லருந்து வந்ததுங்க" என்பார் அவர். வருகிறவர்கள் நாலைந்து பேர். அதில் ஒருவர் செல்போன் கடைக்காரர், எல்லாவற்றையும் ரீல்ஸ் எடுப்பவர். வாளை யாராவது கையில் எடுத்தால் இவர் போனை எடுப்பார். படம் எடுத்து முடிந்ததும் வாள் சுவருக்குப் போய்விடும். மரம் அப்படியே கிடக்கும்.

முதல் ஞாயிறு நான்தான் டீ வைத்தேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை, அதனால் வைத்தேன். அன்றோடு அது என் உத்தியோகம் ஆகிவிட்டது. "மேடம் கை பட்டாத்தாங்க டீ டீயா இருக்குது." பல்லை இளித்துக்கொண்டு சொல்வார்கள். அந்த டம்ளர்களைக் கழுவும்போது அடியில் பாக்குத் துணுக்கு மிதக்கும். ரத்தமும் சளியும் பார்த்துப் பழகிய நானே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கழுவுவேன்.

நானே செய்த முதல் பொருளை ஒரு நாள் அங்கே எடுத்துப் போனேன். கொட்டாப்புளி, அதாவது உளியின் தலையில் அடிக்கிற மரச்சுத்தியல். கடத்தூர் மர மில்லில் வாங்கிய வாகைக் கட்டையில் செய்தது. கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைக்குள் கச்சிதமாக உட்காரும். அவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். "மேடம், இதுல என்ன, களி கிண்டுவீங்களா?" கான்ட்ராக்டர் அதை வாங்கி, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஷெட் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். "பாருங்க, இப்பத்தான் ஒரு உருப்படியான வேலைக்கு ஆச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

அது அங்கேயே கிடந்தது. வீட்டில் வேறு ஒன்று செய்துகொண்டேன்.

பிறகுதான் கோவில் கட்டை விஷயம் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடித்ததும் மணியை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டர் இரவு வரைக்கும் மணி கிடையாது. பூசை நடுவில் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கும், பவனிக்கும் மணிக்குப் பதில் மரக்கட்டைதான் அடிக்க வேண்டும். கைப்பிடி வைத்த ஒரு பலகை, இரண்டு பக்கமும் கீலில் ஆடுகிற சின்னப் பலகைகள். குலுக்கினால் போய் மோதி டப டபவென்று சத்தம் வரும். எங்கள் கோவிலில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. சாமியாருக்கு உதவியாகக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் செஞ்சு தர்றேனுங்க" என்றேன், மாதா சபைப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும். "பொம்பள செய்யற வேலையா இது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். உபதேசியார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நீ செய் கண்ணு. உன்ன நம்பித்தான் இருக்கறேன், வேற யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

இதை ஷெட்டில் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், பிடுங்கிக்கொண்டார்கள். "கோவில் காரியமுங்க மேடம், சும்மா ஏனோதானோன்னு பண்ணக்கூடாது. தேக்குலயே பண்ணிடலாமுங்க." நான் பென்சிலால் கீறி வைத்திருந்த அளவைக் கான்ட்ராக்டர் உள்ளங்கையால் துடைத்துவிட்டு வேறு கீறினார். ஓரத்தில் பூ வேலை. நடுவில் பித்தளைச் சிலுவை. பாலிஷ் மேல் பாலிஷ். நான் உளியை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவருக்கு டீ தாகம் எடுக்கும்.

கடைசி ஞாயிறு கதவோரம் குனிந்து பார்த்தேன். என் கொட்டாப்புளி மேல் சிவப்பாக வழிந்திருந்தது. கான்ட்ராக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வெளியே துப்புவார். கதவைத் தாண்டாதது எல்லாம் அதன்மேல். த்தூ! மனுஷனா இவன் என்று வாய்வரை வந்தது. கோவில் கட்டை அவர் கையில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். கொட்டாப்புளியை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டில் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். காய வைத்து, மேல்தோலை இழைத்து எடுத்த பிறகுதான் கையால் தொட மனசு வந்தது.

பெரிய வியாழன் அன்று பூசை தொடங்கப் போகிற நேரத்துக்குக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள், குமிழ் வைத்த பிளாஸ்டிக்கில் சுற்றி. "குலுக்கிப் பாக்காதீங்க மேடம், கடைசிப் பாலிஷ் கோட்டு இன்னும் காயலீங்க. நேரா பூசையில எடுங்க." செல்போன் கடைக்காரர் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். கண்ணாடி மாதிரி மின்னியது. அன்றைக்குப் பின்னாலிருந்து கேட்ட மாதா சபைக்காரி கூட "அட" என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

எழுந்தேற்றம். சாமியார் அப்பத்தை உயர்த்தினார். உபதேசியார் குலுக்கினார். பொத்.

திரும்பக் குலுக்கினார். பொத், பொத். தலையணையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் பின்னால் பெரியவர்களே சிரித்தார்கள். உபதேசியார் திரும்பி என்னைத்தான் பார்த்தார். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பூசை முடிந்து புரட்டிப் பார்த்தேன். பலகைகள் மோதுகிற இடத்தில், நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுவார்களே அந்த மெத்தைத் துணியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "பின்ன என்னங்க மேடம், கட்டையும் கட்டையும் அடிச்சிக்கிட்டா பாலிஷ் என்னத்துக்கு ஆவுறது?" என்றார். சத்தம் வருவதற்காகவே செய்கிற பொருள். அதில் சத்தம் வராதபடி மெத்தை வைத்துவிட்டு, என்னிடமே நியாயம் கேட்கிற ஆளை என்ன செய்வது? மெத்தையைப் பிய்த்தேன். அடியில் பசை கொழகொழவென்று நின்றது. குலுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சப்பென்றது. கருமம்! விரலெல்லாம் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிலுவைப் பாதை. ஊரைச் சுற்றிப் போகிற பவனிக்கு முன்னால் கட்டை அடிக்க வேண்டும். விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். மீதி இருந்த வாகைப் பலகையைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரே துண்டாக அறுத்தேன். நடுவில் உளியால் கொஞ்சம் குடைந்தேன். கீல் செய்ய நேரமில்லை. ஷெட்டிலிருந்து மீட்டு வந்த கொட்டாப்புளியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. போதும் என்று கிளம்பினேன். பாலிஷ் இல்லை, பூ இல்லை, ஓரத்தில் சிலாம்பு கூட நீட்டிக்கொண்டிருந்தது.

உபதேசியார் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். பலகையையும் கொட்டாப்புளியையும் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "நீயே அடி கண்ணு. நல்லா சத்தமா அடி." அடித்தேன். முதல் தெருவிலிருந்து கடைசி வீடு வரை அடித்தேன். வெயில் ஏற ஏற உள்ளங்கை காந்தியது. ஒருவரும் சிரிக்கவில்லை. படுத்த படுக்கையாய் இருந்தவர்களைக்கூட வாசலுக்குத் தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்தே பின்னால் நடந்தபடி போனில் எடுத்து அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார்.

ஈஸ்டர் அன்று குழுவில் ஒரு ரீல்ஸ் வந்தது. கோவிலுக்குக் கொண்டுவரும் முன்பே எடுத்த படம்; ஷெட்டில் கான்ட்ராக்டர் புது வேட்டியில் நின்று அந்த மின்னுகிற கட்டையைக் குலுக்குகிறார். டண், டண் என்று மரம் கணீரென்று பேசுகிறது. கீழே 'எங்கள் டீமின் கைவண்ணம்'. பாராட்டுகள் குவிந்தன. எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. இரண்டாம் தரம் போட்டபோது, சத்தம் தொடங்குகிற இடத்தில் உபதேசியாரின் குரல் கேட்டது: "சத்தமா அடி." செல்போன் கடைக்காரர் என் வீட்டுக்காரரின் ஸ்டேட்டஸிலிருந்து சத்தத்தை உருவியிருந்தார். ஒழுங்காக வெட்டக்கூடத் தெரியவில்லை. திருடுகிற வேலையையாவது உருப்படியாகச் செய்யக் கூடாதா? சீ!

அன்று சாயங்காலம் கான்ட்ராக்டரே கூப்பிட்டார், குரலில் அத்தனை குஷி.

"ரீல்ஸ் பாத்தீங்களா மேடம்? பிச்சிக்கிட்டுப் போவுது. வர்ற ஞாயித்துக்கெழம வந்துருங்க. அப்புறம், கதவுக்கு முட்டுக் குடுத்திருந்தமே, அந்தக் கட்டைய எங்கீங்க வெச்சீங்க? கதவு காத்துல அடிச்சிக்கிட்டே கெடக்குது."

"கோவில்ல இருக்குதுங்க" என்றேன். "ரீல்ஸ்ல நீங்க குலுக்கறீங்களே, அதுல கேக்கறது அந்தக் கட்டதானுங்க."

அவர் பின்னால் ஷெட் கதவு அடித்துக்கொள்வது கேட்டது. டீயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.